இல்லாத அம்மாளுக்கு ஓர் இலை

பிறக்கவே பிறக்காத ஒரு பெண்மணியை நான்கு ஆண்டுகள் கடிதங்களில் வாழ வைத்தேன். பிறகு இன்னொரு கடிதம் எழுதி அவரைச் சாகடித்தேன். அதனால் இரண்டு சகோதரிகள் புறப்பட இருந்த பயணம் நின்றுபோனது. மூத்தவர், பார்க்க ஆசைப்பட்டதைப் பார்க்காமலே கண்ணை இழந்தார். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. விளையாட்டுப் புத்தி என்று சொல்லித் தப்பிக்க முடியாத வயது.

இது அந்தச் சகோதரிகளில் இளையவரைப் பற்றியது. அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய உறவினர்கள் இன்னும் மலாக்காவில், காஜா பேராங்கில்தான் இருக்கிறார்கள். தெருவில் எல்லாரும் அவரை மாக்சிக் என்று கூப்பிட்டார்கள். நாம் சின்னம்மா, அத்தை என்று கூப்பிடும் இடத்தில் மலாய்க்காரர் சொல்லும் சொல் அது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

“எந்த இடத்துக்கும் நான் ரெண்டாந்தடவைதான் போவேன்” என்பார். வேடிக்கைக்குச் சொன்னதல்ல, அப்படித்தான் வாழ்ந்தார். குருபோங்கில் ஒரு கல்யாணம் என்றால் முந்தின நாளே தனியாகப் பஸ் ஏறிப் போவார். வாசலில் எத்தனை படி, செருப்பை எங்கே விடுவது, கழிப்பறை எந்தப் பக்கம், பந்தல் கயிறு எந்த மூலையில் தாழ்வாகக் கட்டியிருக்கிறது என்று எல்லாம் பார்ப்பார். கல்யாண வீட்டார் திகைத்துப்போய், “உள்ளே வாங்க, கல்யாணம் நாளைக்கு இல்லையா?” என்றால், “நாளைக்குத்தான் வருவேன். இன்னிக்கு நான் வரலை” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் என்றைக்கு வரும் என்பதை அறிவிக்க நகரத் திடலில் கூட்டம் கூடியபோதும் அதே கதைதான். முந்தின நாள் போய், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று பார்த்து, நிற்கப் போகும் இடத்தை முடிவுசெய்துவிட்டு வந்தார். மறுநாள் அந்த மரத்தடியில் கால் வைக்க இடமில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம், “நேத்து இங்கே ஒருத்தருமே இல்லை. நான் பார்த்தேன்” என்று முறையிட்டார். “மாக்சிக், நேத்து வந்திருந்தா நேத்தே சுதந்திரம் வாங்கியிருக்கலாம்” என்றார் போலீஸ்காரர். அதை மாக்சிக்கே வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

அவர்கள் மலாக்காச் செட்டிக் குடும்பம். பெயரும் நெற்றி விபூதியும் கும்பிடும் மாரியம்மனும் நம்முடையவை. உடை சாரோங்கும் கெபாயாவும். பேச்சு முழுக்க மலாய்; அதில் தெறித்தாற்போல் சில தமிழ்ச் சொற்கள். அக்கா என்பது அதில் ஒன்று, தம்பி இன்னொன்று. அக்காவைத் தவிர அவர் யாரையும் அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் மலாயில் பேசியதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். நினைவில் அது எப்படியோ தமிழாகவே கேட்கிறது.

நகரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை கிடைத்து, அவர்கள் வீட்டின் முன்னறைக்கு நான் வாடகைக்கு வந்தேன். அக்கா விதவை. இளையவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடிவதற்குள் பலகாரம் செய்து இரண்டு காப்பிக் கடைகளுக்குக் கொடுப்பார்; அதுதான் வருமானம்.

குடிவந்த முதல் நாள் மாலை, தட்டில் பலகாரமும் காப்பியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்று என் புத்தகங்களைப் பார்த்தார்.

“எல்லாம் தமிழா?”

“ஆமாம்.”

“இந்தியா பார்த்திருக்கியா, தம்பி?”

நான் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவன். மலாக்காவைத் தாண்டி சிங்கப்பூர்கூடப் போனதில்லை. ஆனால் அதைக் கேட்டபோது அவர் முகத்தில் இருந்த பார்வையை அதற்கு முன் யாரும் என்மேல் வைத்ததில்லை. பால் மரம் வெட்டுகிறவர் மகனை யார் அப்படிப் பார்ப்பார்கள்?

“பார்த்திருக்கிறேன். மெட்ராஸில் இரண்டு வருஷம் படித்தேன்” என்றேன்.

“பெத்துல்?” என்றார். உண்மையா என்று அர்த்தம்.

“பெத்துல்.”

“அக்கா!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். “இங்கே வா! போய்ட்டு வந்தவரு நம்ம வீட்டுக்கே வந்திருக்காரு!”

இவ்வளவுதான் ஆரம்பம். கேட்டதும் இல்லை என்று சொல்லியிருந்தால் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பேன்.

அக்காவுக்குக் கண்ணில் அழுத்தம். ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் வட்டம் சிறுத்துக்கொண்டே போகும், நான்கைந்து வருஷம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எதற்காக எந்த இடத்துக்கும் இளையவர் முதலில் தனியாகப் போனார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்கா ஒருமுறை தெரியாத இடத்தில் மூடாத சாக்கடையில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாராம். அன்றிலிருந்து முதல் தடவை தங்கைக்கு, இரண்டாம் தடவை அக்காவுக்கு.

வட்டம் முழுதாக மூடுவதற்குள் அக்கா பார்க்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று: பெரிய அலை. எங்கள் ஊர்க் கிளேபாங் கடலைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். சோறு வடித்த கஞ்சியைத் தாம்பாளத்தில் ஊற்றி வைத்தாற்போல் கிடக்கும் கடல் அது. அக்கா சிறுமியாக இருந்தபோது யாரோ மெட்ராஸ் கடற்கரைப் படம் போட்ட அட்டை ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு அலை, அதற்கு முன்னால் குதிரைமேல் ஒருவன். அது மனதில் ஒட்டிக்கொண்டது.

கோயிலில் கேட்பார்கள்: “பூர்வீகம் தேடிப் போறீங்களா? வேண்டுதலா?” மாக்சிக்குக் கோபம் வரும். “சாமி இங்கேயே இருக்கு. எங்க ஆளுங்க எல்லாரும் இங்கேதான் புதைஞ்சிருக்காங்க. நாங்க சுத்திப் பார்க்கப் போறோம். வெள்ளைக்காரன் போறதில்லையா, அது மாதிரி.” மெர்டேக்காவுக்குப் பிறகு, அதாவது சுதந்திரம் வந்தபிறகு, இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: “இப்ப நமக்குன்னு ஒரு நாடு இருக்கு. அதனால அது வெளிநாடு. வெளிநாட்டுக்குப் போறவங்க ஒழுங்காப் போகணும்.”

ஒழுங்காகப் போவது என்றால் யாராவது முன்னே போய்ப் பார்த்திருக்க வேண்டும். கடல் கடந்து ஒத்திகை பார்க்க அவரால் முடியாது. அதனால் என்னையே தன் முதல் தடவையாக வைத்துக்கொண்டார்.

ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினார். மாலை நான் வேலை முடிந்து வந்ததும் அதைத் திறந்து உட்காருவார்.

“மெட்ராஸ்ல நீ எங்கே தங்கினே?”

வாயில் வந்ததைச் சொன்னேன். கடற்கரைக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. வாசலில் வேப்பமரம். ஒரு விதவை அம்மாள் விடுதியாக நடத்துகிறார். மாடி அறை ஜன்னலைத் திறந்தால் நேரே அலை.

“எத்தனை படி ஏறணும்?”

“பதினான்கு.”

“கைப்பிடி இருக்கா?”

“இருக்கு. வலது பக்கம்.”

“ஜன்னலைச் சாத்தினாலும் அலைச் சத்தம் கேக்குமா?”

“கேட்கும்.”

“பெத்துல்?”

“பெத்துல்.”

அந்தக் கேள்வியை அவர் பலமுறை கேட்டார். ஏன் என்று ஒருநாள் அவரே சொன்னார். “நாம போறதுக்குள்ள அக்காவுக்குக் கண்ணு ரொம்ப மோசமாப் போயிட்டாக்கூட, ராத்திரி படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டிருக்கலாம் இல்லையா.” அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைக் கையைப் பிடித்து நகரத்துக் குன்றுக்கு அழைத்துப் போவார். பாழடைந்த தேவாலயத்துக்கு ஏறும் படிகளில் எண்ணிப் பதினான்கு படி ஏறச் சொல்லி நிறுத்துவார். “இங்கே ரூம். கதவு இடது பக்கம். கையை நீட்டு” என்பார். அக்கா வெறுங்காற்றில் கையை நீட்டுவார். சுற்றுலாப் பயணிகள் வேடிக்கை பார்ப்பார்கள். பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருந்தேன். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

விமானத்தில் போகலாமா என்று பார்க்க பத்து பெரெண்டாம் விமான நிலையத்துக்குப் போய் வேலிக்கு வெளியே அரை நாள் நின்றுவிட்டு வந்தார். “வேணாம். அதுல ஏறிப் பார்த்துட்டு எறங்க விடமாட்டானாம்” என்றார். கப்பல்தான் என்று முடிவானது. கப்பல் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க கிளேபாங்கில் ஒரு மீனவரிடம் பேசிப் படகில் ஒரு மணி நேரம் போனோம், நானும் அவரும். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே நான் குடல் வெளியே வருகிறமாதிரி வாந்தியெடுத்தேன். அவர் வெற்றிலை போட்டபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“அலாமாக்! ஏழு நாள் கப்பல்ல போய், ஏழு நாள் கப்பல்ல திரும்பி வந்தவன்தானே நீ?”

“பெரிய கப்பல் ஆடாது, மாக்சிக்.”

“பெத்துல்?”

மீனவர் துடுப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் தலையை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டே “பெத்துல்” என்றேன். நோட்டில் அன்றைக்கு என்ன எழுதினார் தெரியுமா? ‘பெரிய கப்பல் ஆடாது.’

சொன்ன பொய்யோடு நின்றிருந்தால் பொய்யன் என்பதோடு போயிருக்கும். ஆனால் அவர், “அந்த அம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதேன். நாங்க வரப்போறதைச் சொல்லிடலாம்” என்றார். அவர் மலாயில் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினேன். தபாலில் போடுவதாக எடுத்துப்போய்க் கிழித்துப் போட்டேன். ஒன்றரை மாதம் கழித்து நானே பதிலும் எழுதி, பழைய உறை ஒன்றில் போட்டுக் கொண்டுவந்து மலாயில் வாசித்துக் காட்டினேன். அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ‘அன்புள்ள சகோதரிகளுக்கு, மாடி அறையை உங்களுக்கென்றே வைத்திருக்கிறேன்’ என்று வாசித்தபோது மாக்சிக் என் கையிலிருந்த காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான்கு ஆண்டுகளில் அப்படி ஒன்பது பத்துக் கடிதங்கள். அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி வந்தது. அக்காவின் கண்ணை விசாரித்தார். சென்ற மழையில் வேப்பமரத்தின் கிளை ஒன்று முறிந்தது. எனக்கு எழுத நன்றாக வந்தது. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாக்சிக் அந்த அம்மாளுக்கு மலாக்கா வெல்லம் அனுப்பினார். ஓலையில் சுற்றிய உருண்டைக் கட்டிகள், ஒரு டஜன். பார்சல் கட்டி என் கையில் கொடுத்தார். அதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை, தின்னவும் முடியவில்லை. என் இரும்புப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

சில நாள் கழித்து, நான் கதவைத் திறந்தபோது கூடத்தில் உட்கார்ந்திருந்த அக்கா கேட்டார். அவர் அதிகம் பேசாதவர்.

“அந்த அம்மாளுக்கு வெல்லம் போய்ச் சேர்ந்துச்சா, தம்பி?”

“சேர்ந்திருக்கும், அக்கா.”

“நல்ல வெல்லம். வாசனை இங்கே வரைக்கும் வருது.”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. பதிலுக்குக் காத்திருப்பவர்போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அக்கா கடைசிவரை அதைத் தங்கையிடம் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த சந்தர்ப்பம் அது என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

மெர்டேக்காவுக்கு அடுத்த ஆண்டு இருவரும் புதிய நாட்டின் கடப்பிதழுக்கு, பாஸ்போர்ட்டுக்கு, மனுப் போட்டார்கள். படிவங்களை நிரப்பியவன் நான்தான். கடப்பிதழ் வந்ததும் பொங்கல் முடிந்து புறப்படுவதென்று நாள் குறித்தார்கள். அன்று மாக்சிக் என்னிடம் கேட்டார், “நீயும் கூட வாயேன், தம்பி. டிக்கெட் நான் எடுக்கிறேன். அந்த அம்மாளைப் பார்த்தா உனக்கும் சந்தோஷமா இருக்கும்.” லீவு கிடைக்காது என்றேன். லீவு கேட்கவே இல்லை.

அதன்பின் எனக்குத் தூக்கம் போயிற்று. தமிழ் தெரியாத இரண்டு பெண்கள், ஒருவருக்குப் பார்வையும் குறைவு, துறைமுகத்தில் இறங்கி, இல்லாத தெருவில் இல்லாத வீட்டைத் தேடி அலைவது கண்முன் வந்துகொண்டே இருந்தது. செய்யக்கூடியவை பல இருந்தன. உண்மையான விடுதி ஒன்றை விசாரித்து அறை ஏற்பாடு செய்திருக்கலாம். கூடப் போயிருக்கலாம். எல்லாவற்றையும்விட எளிது, கூடத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அவற்றில் எதைச் செய்தாலும் நான் மெட்ராஸ் போகாதவன் என்பது வெளியே வரும். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. ஆகவே அந்த அம்மாளின் மகன் எழுதுவதாக ஒரு கடிதம் எழுதினேன். அம்மா போன மாதம் தவறிவிட்டார், வீட்டை விற்றுவிட்டோம்.

வேறு விடுதி பார்க்கச் சொல்வார், அதை ஒழுங்காகச் செய்து கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவரை நான் அறிந்திருக்கவில்லை.

கடிதத்தை நான் வாசித்து முடித்தேன். மாக்சிக் நோட்டை மூடினார்.

“வேற வீடு பார்க்கலாம், மாக்சிக்.”

“வேற வீட்டுக்கு யாரு முதல்ல போயிருக்கா?”

“எத்தனையோ பேர் போகிறார்கள்…”

“அவங்க கூட அக்கா இல்லையே” என்றார்.

கப்பல் டிக்கெட்டுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

பொங்கலுக்கு முந்தின நாள் அவர்கள் வீட்டில் இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். பார்ச்சு என்பார்கள். அறையில் பாய் விரித்து, ஆளுக்கு ஓர் இலை போட்டு, போனவர்களுக்கு உயிரோடு இருந்தபோது என்ன பிடிக்குமோ அதை வைத்து, விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டிவிட்டு, அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். அந்த வருஷம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அக்காவின் கணவருக்கும் இலை போட்டபின் மாக்சிக் நாலாவதாக ஓர் இலையை விரித்தார். என்னைக் கூப்பிட்டார்.

“அந்த அம்மாளுக்கு என்ன பிடிக்கும், தம்பி?”

அவர் கரண்டியோடு காத்துக்கொண்டிருந்தார். யோசிக்காமல் சொன்னேன்: “கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. சோறு கொஞ்சம் குழைவாக இருக்கவேண்டும். கடைசியில் ஒரு வாய் கறுப்புக் காப்பி.”

அவர் சமையலறைக்குப் போய், அந்த நேரத்தில் கருவாடு வாங்கிவரச் செய்து, குழம்பு வைத்து, இலையில் ஊற்றினார். கறுப்புக் காப்பி ஒரு குவளையில். கதவைச் சாத்தும்போது மலாயில், “நாங்க வரமுடியலை. கோவிச்சுக்காதீங்க” என்று அந்த இலையைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த வருஷம் அக்காவுக்கு வட்டம் மூடிவிட்டது. அதற்கடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாகி வேறு வீடு போனேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் மாக்சிக் ஆள் அனுப்புவார். போவேன். ஒவ்வொரு முறையும் அந்த நாலாவது இலையில் கருவாட்டுக் குழம்பும் குழைந்த சோறும் இருக்கும். ஐந்தாவது வருஷம் அக்கா இறந்தார். இலைகள் ஐந்தாயின.

என் மனைவியிடம் கல்யாணமான புதிதிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் தோட்டத்துப் பெண், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். அக்கா காரியம் முடிந்து வந்த அன்று, “இன்னும் எத்தன பொங்கலுக்குத்தாங்க அந்தம்மா இல்லாத ஆளுக்கு எல போடும்? ஒரு வார்த்த சொன்னா ஒங்க தல போயிருமா?” என்றாள்.

“முதலில் நான் மெட்ராஸ் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வெறும் கையோடு போய் எப்படிச் சொல்வது?” என்றேன்.

“அதுவும் சரிதான். ஆனா வந்ததும் சொல்லிரணும். மாத்திப் பேசுனீங்க, நானே போய்ச் சொல்லிருவேன் பாத்துக்குங்க.”

பணம் சேர்த்து, லீவு சேர்த்து, கப்பல் ஏற எனக்கு முப்பத்து மூன்று வயது ஆகிவிட்டது. பெரிய கப்பலும் ஆடுகிறது. நாலு நாள் எழுந்திருக்கவில்லை. மெட்ராஸில் கடற்கரைக்குப் பின்னால் திருவல்லிக்கேணியில் ஒரு விடுதியில் மாடி அறை எடுத்தேன். மாக்சிக் கேட்பதுபோலவே எல்லாவற்றையும் பார்த்து நோட்டில் எழுதினேன். படி பத்தொன்பது, கைப்பிடி இல்லை. தெருவைக் கடக்கும் இடம் மோசம். கடற்கரை மணல் நாம் நினைப்பதைவிட அகலம். தண்ணீர்வரை நடந்தால் கால் புதைகிறது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் அக்காவால் நடந்திருக்க முடியும். அலை ஆள் உயரம் இல்லை, இடுப்புயரம். ஆனால் ஒன்று விழுந்து முடிப்பதற்குள் அடுத்தது எழுகிறது. குதிரைமேல் வாடகைக்கு ஏற்றுகிறார்கள். கடைசிநாள் விடியற்காலையில் அறை ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலில் படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அதையும் எழுதினேன்.

திரும்பி வந்தபோது பொங்கல் நெருங்கியிருந்தது. படைக்கும் நாளில் போனேன். மாக்சிக்குத் தலை நரைத்துவிட்டது. நாலு இலை போட்டுவிட்டு ஐந்தாவதை விரித்துக் குழம்புக் கரண்டியை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

“மாக்சிக், இந்த இலை வேண்டாம். அப்படி ஒரு அம்மாள் கிடையாது.”

எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டத்து லயத்திலிருந்து வெல்லக்கட்டி வரை. லீவு கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். அவர் நடுவில் ஒருமுறைகூடப் “பெத்துல்?” என்று கேட்கவில்லை. கரண்டியிலிருந்து குழம்பு பாயில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப இத்தனை வருஷம் நான் யாருக்குச் சோறு போட்டேன்?” என்றார்.

“தெரியவில்லை, மாக்சிக். நீங்கள் கேட்டபோது என் அம்மாவுக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டேன்.”

“உங்கம்மா இல்லையா?”

“எனக்குப் பன்னிரண்டு வயதில் தோட்டத்திலேயே போய்விட்டார்.”

அவர் முகம் அப்போதுதான் உடைந்தது. “சொல்லியிருந்தா அவங்களுக்குன்னே போட்டிருப்பேனே, தம்பி. ஆறு வருஷமா வேற யாரோ பேருல வந்து சாப்பிட்டுப் போயிருக்காங்களே.”

அம்மாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அதை இரண்டுமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு இலையை நேராக்கினார், குழம்பை ஊற்றினார்.

நான் நோட்டை எடுத்தேன். “போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இந்த முறை உண்மையாகவே.”

“எனக்குப் படிக்காதே” என்றார். “அக்காவுக்குப் படி.” என்னை உள்ளேயே விட்டுவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

இறந்தவர்கள் சாப்பிடும் நேரத்தில் உயிரோடிருப்பவர்கள் யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது. நான் இருந்தேன். அக்காவின் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, மலாயில், துறைமுகத்திலிருந்து தொடங்கி வாசித்தேன். படிகள், தெரு, மணல், இடுப்புயர அலை, குதிரை. கடைசி வரிக்கு வந்தபோது வாசிக்க முடியவில்லை. நோட்டை மூடிவிட்டுக் கதவைத் தட்டினேன்.

மாக்சிக் கதவுக்கு வெளியே தரையிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து என்னைப் பார்க்காமல் விளக்கைச் சரிசெய்தார்.

“உங்களை நான் கூட்டிப்போகிறேன், மாக்சிக். வருகிற விடுமுறையில். இப்போது எல்லாம் தெரியும். இது உங்களுக்கு இரண்டாம் தடவை.”

“ரெண்டாந்தடவை அக்காவுக்காகத்தானே, தம்பி” என்றார். கோபமில்லாமல் சொன்னார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

பாயில் சிந்தியிருந்த குழம்பைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, “ஒண்ணை விட்டுட்டே” என்றார்.

“எதை?”

“ஜன்னலைச் சாத்தினா கேக்குமா?”

ஒரு சொல் போதும். எத்தனையோ முறை சொன்ன சொல்தான். அவர் துணியைக் கையில் பிடித்தபடி, முகத்தைத் தூக்கி, பழையபடியே காத்திருந்தார். முதல் நாள் மாலை கதவோரம் நின்று பார்த்த அதே பார்வை.

“கேட்காது, மாக்சிக்” என்றேன். “மணல் அகலம். தெருச் சத்தம்தான் கேட்கிறது. ஜன்னலைச் சாத்தினால் அலை கேட்கவே இல்லை.”

அவர் தலையை ஆட்டினார்.

“அப்ப அக்காவுக்கு ஜன்னலைத் திறந்துதான் வச்சிருக்கணும்” என்றார்.

எழுந்து, இலைகளை மிதிக்காமல் சுற்றிப் போய், அந்த அறையின் ஜன்னலைத் திறந்து வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் பதினொரு பொங்கல் இருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஆள் அனுப்பினார். என்னிடம் முன்போல் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை; குருபோங் பஸ் எத்தனை மணிக்கு என்றுகூடக் கேட்கவில்லை. என் அம்மாவின் இலையில் குழம்பு இருந்தது. படைக்கும்போது ஜன்னல் திறந்தே இருந்தது.